காலி டாங்க்தான் வெடிக்கும்

பழைய காரின் அடித்தளத் தகரம் துருவேறி ஓட்டை விழுந்தால், அரித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வது டிங்கரிங் பட்டறைகளில் அன்றாட வேலை. சைலன்சரைத் தாங்கும் பட்டை ஒடிந்தாலும், பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு உளுத்துப்போனாலும் அதே வேலைதான். இந்த இடங்கள் பலவற்றுக்கும் கையெட்டும் தூரத்தில் பெட்ரோல் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் டாங்க் பின்இருக்கைக்கு அடியில் தொங்குகிறது. எரிபொருள் குழாய்கள் அங்கிருந்து அடித்தளத்தை ஒட்டியபடியே என்ஜின் வரை செல்கின்றன. ஆகவே பெட்ரோலுக்குப் பக்கத்தில் வெல்டிங் பிடிப்பது என்றோ ஒருநாள் வரும் சங்கடம் இல்லை, வாரந்தோறும் நடப்பது. அப்போது பட்டறையில் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம், ‘டாங்க் காலிதான், ஒன்றும் ஆகாது’ என்பது. மேலே ஒரு ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். காலி என்று நம்பப்படும் அந்த டாங்க்தான் உண்மையில் எல்லாவற்றிலும் ஆபத்தானது. சாக்கைப் போட்டு அதைக் காப்பாற்ற முடியாது. கழற்றி அப்பால் வைப்பது ஒன்றே வழி.

ஏன் என்று பார்ப்போம். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட, தீப்பற்றப் போதுமான ஆவியைப் பெட்ரோல் வெளியிடும். ஆனால் அந்த ஆவி எந்த அளவில் இருந்தாலும் பற்றிக்கொள்ளும் என்பதும் இல்லை. காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எரியப் போதாது; 7.6 சதவீதத்தைத் தாண்டினால் எரிவதற்கு ஆக்சிஜன் போதாது. இடைப்பட்ட அந்தக் குறுகிய எல்லைக்குள்தான் வெடிப்பு நிகழும். மூடியிருக்கும் டாங்கில் பெட்ரோல் இருக்கும்வரை, அதன் மேலுள்ள வெளியில் ஆவி அந்த மேல் எல்லையையும் தாண்டி மிக அடர்த்தியாக இருக்கிறது. பெட்ரோலை வடித்துவிட்டுத் திறந்து வைத்தால் என்ன நடக்கிறது? காற்று உள்ளே புகுகிறது, ஆவியின் அடர்த்தி மெல்லக் குறைகிறது, குறைந்துகொண்டே வந்து அந்த வெடிக்கும் எல்லைக்குள் நுழைகிறது. அடியில் மீதியிருக்கும் சொட்டுகளும், மடிப்புகளில் ஒட்டியிருக்கும் கசடும் புதிதாக ஆவியை விட்டுக்கொண்டே இருப்பதால் அது அங்கேயே வெகுநேரம் தங்கியும் விடுகிறது. எவ்வளவு பெட்ரோல் மிஞ்சினால் ஆபத்து என்று கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். 40 லிட்டர் டாங்கின் காற்றை வெடிக்கும் கலவையாக்க ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் பெட்ரோல் ஆவியானால் போதும். ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. ‘சுத்தமாக வடித்தாயிற்று’ என்று சொல்லப்படும் எந்த டாங்கிலும் அதைவிட அதிகமாகவே மிஞ்சியிருக்கும்.

இதற்கு உலகம் கண்ட மிகத் துயரமான சான்று ஒரு விமான விபத்து. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 என்ற போயிங் 747 நடுவானில் வெடித்தது. அதில் இருந்த 230 பேரும் இறந்தார்கள். வெடித்தது இறக்கைகளுக்கு நடுவிலுள்ள டாங்க். பன்னிரண்டாயிரம் கேலனுக்கு மேல் கொள்ளும் அந்த டாங்கில் அன்று இருந்தது சுமார் 50 கேலன் மட்டுமே. டாங்குக்கு அடியில் இயங்கிய குளிர்சாதனக் கருவிகளின் வெப்பம் அந்தச் சொற்ப எரிபொருளை ஆவியாக்கியது; மின்கோளாறு ஒன்று அதைப் பற்றவைத்திருக்கலாம் என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, விமான எரிபொருள் பெட்ரோல் வகை இல்லை, மண்ணெண்ணெய் வகை. ‘டீசல் வண்டிதானே, தீப்பிடிக்காது’ என்று சொல்பவர்களுக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. தீப்பற்றும் வெப்பநிலையைப் பொறுத்தவரை டீசலும் ஏறக்குறைய இதே வகையைச் சேர்ந்ததுதான். சாதாரண வெயிலில் டீசல் பற்றாது என்பது உண்மை. ஆனால் வெல்டிங் பிடிக்கும் இடத்தில் இரும்பு 1,500 டிகிரிக்கு மேல் காய்ந்து உருகுகிறது. அந்தச் சூட்டில் டீசல் படலம் ஆவியாகாமல் இருக்க வழியே இல்லை.

டாங்கிலிருந்து தள்ளித்தானே வெல்டிங் செய்கிறோம் என்ற வாதமும் உண்டு. எவ்வளவு தள்ளி என்பதுதான் கேள்வி. வெல்டிங்கில் தெறிக்கும் பொறிகள் 35 அடி, அதாவது சுமார் 11 மீட்டர் வரை எட்டக்கூடும் என்ற கணக்கில்தான் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு காரின் முழு நீளமே நாலைந்து மீட்டர்தான். இன்னொரு பக்கம், பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலைந்து போகாது; தண்ணீரைப் போலத் தரையோடு படர்ந்து பள்ளம் தேடும். பட்டறையில் காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி அது சேர்வதற்கு ஏற்ற இடம். பொறியும் தரையை நோக்கியே விழுகிறது. இவற்றோடு கண்ணில் படாத வெப்பமும் சேர்கிறது. காருக்கு உள்ளே தரைத்தகரத்தில் வெல்டிங் பிடிக்கும்போது, அதே தகரத்தின் மறுபுறம் கிளிப்பில் மாட்டியிருக்கும் நைலான் குழாய் உருகலாம். எரிபொருளைப் பீய்ச்சி அனுப்பும் பெட்ரோல் என்ஜின்களில் அந்தக் குழாய்க்குள் என்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். டாங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரம்பிய டப்பா ஒன்று உண்டு. கேனிஸ்டர் எனப்படும் அதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. அதற்குள் இருப்பது முழுக்கப் பெட்ரோல் ஆவி. இன்று ஏராளமான கார்களில் டாங்கே பிளாஸ்டிக்கில்தான் வருகிறது. ஒரு சாக்கு இவற்றில் எதைத் தடுக்கும்?

அகற்றுவது என்றால் அரைகுறையாக இல்லாமல் முழுமையாக அகற்ற வேண்டும். பம்பின் ஃபியூசைப் பிடுங்கிவிட்டு என்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயின் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றி, டாங்கை இறக்கி, வாய்களை அடைத்து, வேலை நடக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோக வேண்டும். கேனிஸ்டரும், வெல்டிங்குக்கு அருகே செல்லும் குழாய்களும் கூடவே வெளியேற வேண்டும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பை வெல்டிங் நடக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் மாட்டுவது அவசியம். எங்கோ தொலைவில் மாட்டினால் மின்சாரம் தனக்குத் தோதான பாதையைத் தேடிப் போகும். அது ஒரு இரும்புக் குழாயாகவும் இருக்கலாம், போகிற வழியில் பொறியும் கிளம்பலாம். இருக்கைப் பஞ்சு, தரைவிரிப்பு, அடியில் பூசிய தார்ப்பூச்சு ஆகியவையும் எரியக்கூடியவை. தீயணைப்பானோடு ஒருவர் வெல்டிங்கை மட்டுமே கவனித்தபடி நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் அவர் போய்விடக் கூடாது. தகரத்துக்கு நடுவே கனியும் தீ நேரம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதால், அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வேலைக்குப் பிந்தைய காவல் நேரத்தை 2019இல் அரை மணியிலிருந்து ஒரு மணியாக உயர்த்தியது.

டாங்கை இறக்குவதே ஆபத்துதானே என்று அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. பெட்ரோலை வடிக்கும்போது பட்டறைகளில் தீ விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. அதற்குக் காரணமும் பெரும்பாலும் மேலே சொன்ன அதே ஆவிதான். குழிக்கு மேல் வைத்து வடித்தல், வாளியில் திறந்த நிலையில் பிடித்தல், பக்கத்தில் சூடான பல்பு தொங்குதல் என்று வரிசையாகச் சொல்லலாம். காற்றோட்டமுள்ள வெளியிடத்தில், மூடிய கலனுக்குள், அதற்கென்றே உள்ள கைப்பம்பால் வடித்தால் அந்த ஆபத்து கட்டுக்குள் வரும். கழற்றும் ஆபத்தைக் குறைக்கும் வழி நம் கையில் இருக்கிறது; கழற்றாமல் வெல்டிங் பிடிக்கும் ஆபத்துக்கு அப்படி வழி எதுவும் இல்லை.

டாங்கிலேயே ஓட்டை விழுந்தால் என்ன செய்வது? பட்டறைகளில் இதற்கு இரண்டு கைவழிகள் உண்டு. தண்ணீர் நிரப்பிவிட்டு வெல்டிங் பிடிப்பது ஒன்று. ஓடும் என்ஜினின் புகையைக் குழாய் வழியே உள்ளே விட்டுக் காற்றை வெளியேற்றுவது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு அறிவு இருக்கிறது, உத்தரவாதம் இல்லை. தண்ணீருக்கு மேலே தங்கும் சிறு வெளியிலும் மடிப்புகளிலும் ஆவி மிஞ்சும். புகையில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் அளப்பதில்லை. கார்பன் மோனாக்சைடோ மூச்சுவிடுபவரைக் கொல்லும். மூக்கை நம்பவும் வழியில்லை, சிறிது நேரத்தில் அது வாசனைக்குப் பழகிவிடும். கருவியால் சோதித்தாலும் எங்கே சோதிக்கிறோம் என்பது முக்கியம். 2010 நவம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் டூபாண்ட் ஆலையில் ஒரு டாங்கின்மேல் வெல்டிங் செய்துகொண்டிருந்த தொழிலாளி வெடிப்பில் இறந்தார். டாங்குக்கு வெளியே காற்றைச் சோதித்தவர்கள் உள்ளே சோதிக்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் தன் 37ஆம் பிரிவில், எரியக்கூடிய பொருள் இருந்த எந்தக் கலனையும், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் நீக்காமல் அல்லது வெடிக்காத நிலைக்குக் கொண்டுவராமல், வெல்டிங்கோ சால்டரிங்கோ செய்யக் கூடாது என்று எழுதிவைத்தது. ‘இருக்கும் கலன்’ என்பதோடு ‘இருந்த கலன்’ என்றும் அது சேர்த்துச் சொன்னது. ஆனால் நான்கைந்து பேர் வேலை பார்க்கும் தெருவோரப் பட்டறை அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரவே இல்லை. நைட்ரஜன் நிரப்பி முறையாகச் செய்யும் வசதி இல்லாத இடத்தில், ஓட்டை டாங்குக்குச் சரியான மருந்து வேறு டாங்க்தான்.

இருபது வருடமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் நடக்கவில்லை என்பது இதில் கடைசியாகவும் மிக உறுதியாகவும் வரும் பதில். அது பொய் என்று சொல்வதற்கில்லை. வெடிக்கும் எல்லை குறுகியது, எனவே பல நேரம் கலவை அதற்கு மேலோ கீழோ இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது எங்கே இருந்தது என்பது வெல்டருக்குத் தெரியாது. தெரியாமல் தப்பித்ததை முறை சரி என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மனிதரைக் குறை சொல்வதும் முறையாகாது. கார் மாலைக்குள் வேண்டும், கூலியில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும் என்று நெருக்குபவர்கள் நாம்தான். பெரும்பாலான கார்களில் டாங்கை இறக்கி ஏற்றுவது சில மணி நேர வேலை. அடுத்த முறை உங்கள் காரின் பின்பகுதியிலோ அடித்தளத்திலோ வெல்டிங் என்று மெக்கானிக் சொன்னால், டாங்கைக் கழற்றித்தான் செய்ய வேண்டும் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அதற்கான கூலியைத் தனியாகக் கொடுங்கள். வண்டி ஒரு நாள் தாமதமாக வரட்டும்.