பத்து கிலோமீட்டரில் காலியாகும் பிரேக்

மாமல்லபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சீறிப் பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைக் கண்டு அவருக்கு அச்சம். கல்லூரியில் படிக்கும் மகனோ, அந்த வண்டிகளின் பிரேக்கே வேறு, வேகமாகப் போனாலும் நின்றுவிடும் என்கிறானாம். உண்மையா என்று கேட்கிறார்.

பாதி உண்மை. நல்ல டயர் போட்ட குடும்பக் கார், காய்ந்த தார்ச்சாலையில் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 40 மீட்டர் எடுத்துக்கொள்ளும். போர்ஷே 911 மாதிரி வண்டி 33 மீட்டரை ஒட்டி நின்றுவிடும். ஏழு மீட்டர் லாபம், சாதாரணமில்லை. ஆனால் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. அதே போர்ஷே 110-ல் வந்தால் அதற்கும் 40 மீட்டர் வேண்டும். கோடிக்கு மேல் கொட்டி வாங்கிய சாதகம், முள் பத்து கிலோமீட்டர் ஏறியதும் காலி.

இதில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஒரே மாதிரி இரண்டு கார்கள், அக்கம்பக்கமாக வருகின்றன. ஒன்று 100-ல், மற்றது 140-ல். வடநெம்மேலி முதலைப் பண்ணையருகே ஒரு மாடு சாலைக்கு வருகிறது. இருவரும் ஒரே இடத்தில் பிரேக்கை அழுத்துகிறார்கள். 100-ல் வந்த கார் மாட்டின் மூக்கருகே நின்றுவிட்டது. அந்த இடத்தில் மற்ற காரின் வேகம் என்ன? கேட்டவர்களில் பெரும்பாலோர் 40 என்பார்கள். விடை 98. வர்க்கங்களைக் கழித்துப் பாருங்கள்: 19,600-ல் 10,000 போக 9,600, அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 98. 40 மீட்டர் பிரேக் பிடித்தும் 100-ல் ஓடும் கார் மாதிரியே மாட்டின் மேல் வந்து விழுகிறது. பிரேக் என்ன கம்பெனி, டயர் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் நுழையவே இல்லை. கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஆகும் ஒரு நொடியையும் சேர்த்தால் இன்னும் மோசம். அந்த ஒரு நொடியில் 140-ல் போகிறவர் 39 மீட்டர் ஓடிவிடுவார். மாட்டை அடையும்போது அவர் வேகம் 110-ஐத் தாண்டியிருக்கும்.

சரி, கனமான வண்டி நிற்க அதிக தூரம் ஆகாதா? மாமல்லபுரத்துக்காரர் இதைக் கேட்கக் கூடாது. ஊரிலேயே 250 டன் எடையுள்ள வெண்ணெய் உருண்டை என்ற பாறை சரிவில் உட்கார்ந்திருக்கிறது. 1908-ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். அதைக் கீழே தள்ளப் பார்ப்பதும் அதன் எடைதான், பாறையோடு அழுத்திப் பிடித்திருப்பதும் அதே எடைதான். காரிலும் எடை இரண்டு பக்கமும் வேலை செய்வதால் கணக்கில் அடிபட்டுப் போகிறது. ஒரு வித்தியாசம், ரப்பர் கல்லைப் போல இல்லை. சுமை இரட்டித்தால் அதன் பிடிமானம் இரட்டிக்காது, கொஞ்சம் குறைவாகவே ஏறும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான, மிருதுவான டயர் போடுவது அதனால்தான். அந்த ஏழு மீட்டர் லாபத்தில் பெரும்பங்கு டயருடையது.

அப்படியானால் ஸ்போர்ட்ஸ் காரில் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய அந்த பிரேக் டிஸ்க் எதற்கு? சூட்டைத் தாங்க. ஒரே ஒரு முறை சக்கரத்தை இறுக்கிப் பூட்ட மாருதியின் பிரேக்கே போதும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் சுற்றுக்குச் சுற்று அழுத்தினால்தான் சின்ன டிஸ்க் காய்ந்து திணறும், பிரேக் ஆயில் கொதித்துக் கால் பொதுக்கென்று உள்ளே போகும். டிஸ்க் பிரேக்கோடு ஜாகுவார் 1953-ல் லெ மான் பந்தயத்தை வென்றதற்கும் இந்தத் தாங்கும் திறனே காரணம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதில் 230 பாகை வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பின் 155 பாகை தாங்கினால் போதும் என்பதே தர விதி. கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது அதை மாற்றவேண்டும்.

பந்தயத் தளத்தில் மாடு வராது, மணலும் கிடக்காது. கோவளம் தாண்டினால் கடற்காற்று தார் மேல் மணலைத் தூவிவிட்டுப் போகும். பிடிமானம் பாதியானால் தூரம் இரட்டிக்கும். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாகிவிட்ட ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காத்து வண்டியைத் திருப்ப உதவும். உதிரி மணலில் தூரத்தைக் குறைக்காது, சமயத்தில் கூட்டவும் செய்யும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, பிரேக் காலிப்பருக்குச் சிவப்புச் சாயம் பூசி, டயரை மட்டும் அப்படியே விட்டுவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. வாரம் ஒருமுறை ஓடும் வண்டியில் டயர் தேய்வதில்லை. மேற்பரப்பின் பள்ளங்கள் புதிது மாதிரி ஆழமாக இருக்கும், ரப்பர் வயதேறி உள்ளுக்குள் இறுகிப்போயிருக்கும். போர்ஷே அப்போது வெறும் கனமான கார்.

வாசகரின் மகனுக்கு இரண்டு வார்த்தை. வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகட்டும். போகும் முன் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடட்டும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.