கல்லில் ஒரு நண்டு, சேற்றில் அதே நண்டு

சீன நாட்டின் தென்கோடியில் ஹைனான் என்றொரு தீவு உண்டு. அத்தீவின் கரையோரங்களில் நண்டு உருவில் கற்கள் கிடைப்பது வழக்கம். ஓடும் காலும் கொடுக்கும் பார்த்தால் நண்டேதான். கையில் எடுத்தால் மட்டும் கல்லின் கனம். சீன மருத்துவர்கள் இதனைக் 'கல் நண்டு' என்றே அழைத்து, பொடியாக்கிக் கண் நோய்க்கு மருந்தாகக் கொடுத்து வந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவர்களுடைய மருந்து நூல்களிலேயே இதற்கு இடம் உண்டு. நண்டு கல்லான விதத்துக்கும் அந்நூலார் ஒரு காரணம் கூறினர். இது எங்கும் காணும் நண்டுதான். நெடுங்காலம் நீரின் நுரை மேலே படியப் படியக் கல்லாகிவிட்டது என்பது அவர்கள் எண்ணம்.

நுரை கல்லாகுமா என்று நாம் சிரிக்கலாம். ஆனால் 'எங்கும் காணும் நண்டுதான்' என்றார்களே, அதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பூமியில் கிடைக்கும் புதைபடிவங்களில் பெரும்பாலானவை இன்று உலகில் இல்லாத உயிர்களுடையவை. அப்படியிருக்க, கையில் உள்ள கல் நண்டு அற்றுப்போன இனமா, இன்றும் கடற்கரையில் ஓடித் திரிகிற இனமா என்று எப்படிச் சொல்வது? பார்வைக்கு எல்லா நண்டும் நண்டு போலத்தானே இருக்கிறது!

இங்கே ஒரு குழப்பத்தை முதலில் விலக்கிவிடுவது நல்லது. 'வாழும் புதைபடிவம்' என்ற சொல்லைப் பாடப் புத்தகங்களில் படித்திருப்போம். 1938ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் மீனவர் வலையில் சிக்கிய சீலகாந்த் மீன் அதற்குப் பெயர்போன உதாரணம். அந்த மீன்குவியலில் இது புதுமையானது என்று கண்டு எடுத்து வைத்தவர் மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற இளம்பெண் என்பதை நம் மாணவியர் மறக்க வேண்டாம். ஆனால் அந்த மீனும் கல்லில் உள்ள பழைய சீலகாந்த் மீன்களும் ஒரே இனம் அல்ல. ஒரே வம்சம், அவ்வளவே. கொள்ளுப்பாட்டியின் மூக்கு பேத்திக்கு இருப்பது போன்ற சாயல் அது. நாம் இங்கே பேசுவது சாயலைப் பற்றி அல்ல. கல்லில் இருப்பதும் சேற்றில் இருப்பதும் ஒரே இனம் என்று துணிந்து சொல்வதைப் பற்றி.

நண்டு எப்படிக் கல்லாகிறது? செத்த நண்டு மணற்கரையில் கிடந்தால் காக்கையும் அலையும் இரண்டு நாளில் அதைச் சின்னாபின்னமாக்கிவிடும். ஆகையால் திறந்த மணலில் வாழும் நண்டுகள் முழுமையாகக் கல்லாவது அரிது. கழிமுகச் சேற்றில் வளை தோண்டி வாழும் நண்டின் கதை வேறு. அது வளைக்குள்ளேயே இறந்து, மேலே சேறு மூடிக்கொண்டால், அழுகும் உடலைச் சுற்றிச் சேற்று நீரிலுள்ள சுண்ணாம்பு போன்ற தாதுப்பொருள்கள் இறுகத் தொடங்கும். நாளடைவில் நண்டை நடுவில் வைத்து ஓர் உருண்டைக் கல் உண்டாகிவிடும். கொழுக்கட்டைக்குள் பூரணம் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். இக்கற்களைச் சேற்றிலிருந்து அலை அரித்து வெளியே தள்ளும்போது கரையில் நடப்பவர் கண்ணில் படுகின்றன.

எல்லாக் கல் நண்டும் பிணம் என்றும் எண்ணிவிடக் கூடாது. நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போடுகிறது. அப்போது ஓடு பின்பக்கம் திறந்து, பெட்டியின் மூடி போல மேலே தூக்கிக்கொள்ளும். கல்லில் ஓடு அவ்வாறு விலகித் திறந்திருந்தால் அது கழற்றிப்போட்ட சட்டை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தால் நண்டு முழுதாகப் புதைந்தது என்று கொள்ளலாம்.

இனி அடையாளம் காணும் வேலைக்கு வருவோம். நம் கடற்கரை மீன்கடையில் நாம் எவற்றைக் கொண்டு நண்டுகளைப் பிரித்தறிகிறோம்? பெரும்பாலும் நிறத்தைக் கொண்டுதான். முதுகில் மூன்று புள்ளி இருந்தால் அது மூன்று புள்ளி நண்டு. முதுகில் வெண்மையான சிலுவைக் குறி இருந்தால் சிலுவை நண்டு. புனித சவேரியார் மலுக்குத் தீவுகளின் கடலில் புயலை அடக்கத் தம் பாடுபட்ட சுரூபத்தை நீரில் தோய்த்தபோது அது நழுவி விழுந்தது என்றும், பின்னர் ஒரு நண்டு அதைக் கொடுக்கில் ஏந்திக் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்தது என்றும் மரபுக் கதை ஒன்று உண்டல்லவா? அந்தச் சிலுவை நண்டு கல்லானால் அதன் சிலுவை பெரும்பாலும் மறைந்துபோகும்! நிறம் கல்லில் தங்குவது மிக அரிது. நண்டின் கால்களில் உள்ள மயிரும் உதிர்ந்துவிடும். உயிருள்ள நண்டுகளின் இனத்தை முடிவு செய்ய இன்றைய ஆராய்ச்சியாளர் மிகவும் நம்புவது ஆண் நண்டின் வயிற்று மடலுக்கு அடியில் உள்ள சிறு உறுப்புகளை. அவையும் கல்லில் கிடைப்பது அபூர்வம்.

அப்படியானால் எஞ்சுவது என்ன? கடினமான பாகங்களின் வடிவம் ஒன்றே. ஓட்டின் அகலம் நீளத்தைப் போல் எத்தனை மடங்கு, ஓட்டின் ஓரத்தில் எத்தனை பற்கள், அவற்றில் எது பெரிது எது சிறிது, மேற்பரப்பு வழவழப்பா அல்லது மணல் ஒட்டியது போல் சிறு மணிகள் உடையதா, கொடுக்கின் விரல்களில் உள்ள பல் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து எழுத வேண்டும். நண்டைத் திருப்பினால் வயிற்று மடல் தெரியும். அது குறுகலாக இருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். நூறாயிரம் ஆண்டுகள் கழிந்த கல்லிலும் இதைச் சொல்லிவிடலாம் என்பது எமக்குப் பெரிய வியப்பைத் தருகிறது. ஒரே கல்லை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லவும் கூடாது. குஞ்சுக்கும் கிழட்டு நண்டுக்கும் உருவம் வேறுபடும். மண்ணின் பாரத்தால் ஓடு நசுங்கி அகலமாகத் தோன்றும். பல கற்களை அளந்து, அருங்காட்சியகத்தில் சாராயத்தில் இட்டு வைத்திருக்கும் பல நண்டுகளின் அளவுகளோடு பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்த பின்னரே வாய் திறக்கலாம்.

ஆகவே புதைபடிவம் அறிந்தவர் மட்டும் இருந்தால் போதாது. உயிருள்ள நண்டை அறிந்தவரும் வேண்டும். 1916இல் ஆஸ்திரேலியக் கடற்கரையின் கல் நண்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதனை எழுதிய இருவரில் எத்திரிட்ஜ் புதைபடிவ அறிஞர். மெக்கல்லக் உயிருள்ள மீன்களையும் நண்டுகளையும் ஆராய்ந்தவர். இருவரும் சிட்னி நகரின் அருங்காட்சியகத்தில் ஒரே கூரையின் கீழ் பணி செய்தவர்கள்.

மீண்டும் ஹைனான் தீவுக்கு வருவோம். அங்குள்ள கல் நண்டுகளில் ஒரு வகைக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் மாக்ரோப்தால்மஸ் லத்ரேயி என்பது. முதற்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'நீண்ட கண்' என்று பொருள். இந்த நண்டின் கண்கள் நீண்ட காம்புகளின் நுனியில் இருக்கும். சேற்றில் நிற்கும்போது காம்பை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கும். ஆபத்து வந்தால் காம்பை மடக்கி, ஓட்டின் முன்விளிம்பில் உள்ள நீண்ட பள்ளத்தில் படுக்க வைத்துக்கொள்ளும். கல்லில் கண்காம்பு ஒடிந்து போயிருந்தாலும் இந்தப் பள்ளம் மட்டும் இருந்தால் போதும். கத்தி இல்லாவிட்டாலும் உறையைக் கொண்டு கத்தியின் நீளத்தை அறியலாம் அல்லவா? (கண் நோய்க்கு மருந்தான கல், நீண்ட கண் நண்டாக அமைந்தது தற்செயலே. அம்மருந்தால் பார்வை வரும் என்று எவரும் நம்பிவிட வேண்டாம்!)

இந்த நண்டுக்கு முதன்முதலில் பெயரிட்டவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெமரே. ஆண்டு 1822. அவர் உயிருள்ள நண்டைப் பார்த்துப் பெயரிடவில்லை. பாரிசில் தமக்குக் கிடைத்த கல் நண்டைப் பார்த்தே பெயரிட்டார். அதன் பிறகு கடல் பயணிகள் கீழ்த்திசைக் கரைகளில் உயிருள்ள நண்டுகளைப் பிடித்து வந்தனர். அவற்றைப் பெற்ற அறிஞர்கள் ஒவ்வொருவரும் புதிய இனம் என்று கருதி வெவ்வேறு பெயர்களைச் சூட்டினர். பின்னர் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் இவை யாவும் ஒன்றே, அதுவும் தெமரேயின் கல் நண்டே என்று தெளிவாயிற்று. விலங்கியலின் விதிப்படி ஓர் இனத்துக்கு முதலில் முறையாக இட்ட பெயரே நிலைக்கும். பெயர் பெற்றது கல்லா உயிரா என்று விதி கேட்பதில்லை. ஆதலால் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இன்று சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும் நண்டுகள், இறந்துபோன ஒரு நண்டின் பெயரைத் தாங்கியிருக்கின்றன. அண்மைக் காலத்தில் சில அறிஞர்கள் இதனை வெனிட்டஸ் என்ற தனிப் பேரினத்தில் சேர்க்கின்றனர். அப்போதும் 'லத்ரேயி' என்ற பிற்பகுதி மாறவில்லை.

அந்த லத்ரேய் யார் என்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. பியேர் ஆந்த்ரே லத்ரேய் 1762இல் பிறந்தவர். 1786இல் குருப்பட்டம் பெற்றவர். பூச்சிகளையும் நண்டினங்களையும் ஆராய்வதில் தீராத ஆசை கொண்டவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது குருக்கள் எல்லோரும் அரசுக்குச் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. லத்ரேய் செய்யவில்லை. 1793இல் சிறையில் அடைக்கப்பட்டார், மரணம் காத்திருந்தது. ஒருநாள் சிறைக்கு வந்த வைத்தியர், இந்தக் கைதி தரையில் ஊர்ந்த ஒரு சின்னஞ்சிறு வண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்தார். இது அரிய வண்டு என்றார் லத்ரேய். வைத்தியர் அதை எடுத்துச் சென்று, ஊரில் பூச்சிகளில் ஆர்வமுள்ள போரி தெ சேன்வென்சான் என்ற பதினைந்து வயதுச் சிறுவனிடம் காட்டினார். லத்ரேயின் பெயரை முன்பே அறிந்திருந்த அச்சிறுவனின் முயற்சியால் லத்ரேயும் அவரோடு இருந்த மற்றொருவரும் விடுதலை பெற்றனர். உடனிருந்த மற்றக் கைதிகள் ஒரு மாதத்துக்குள் மாண்டனர். அவ்வகை வண்டுகளுக்கு வழங்கும் பெயர் நெக்ரோபியா. 'சாவு', 'வாழ்வு' என்னும் இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்த பெயர் அது.

சரி, கல் நண்டும் உயிர் நண்டும் ஒரே இனம் என்று நிலைநாட்டுவதால் என்ன பயன்? அற்றுப்போன நண்டு எங்கே வாழ்ந்தது என்று ஊகிக்கத்தான் முடியும். உயிருள்ள இனமாக இருந்தாலோ நேரில் போய்ப் பார்த்து வரலாம். நீண்ட கண் நண்டு அலை ஏறி இறங்கும் சேற்றில் வாழ்கிறது. அதன் கல் உரு, பிறந்த இடத்திலேயே, கடலுக்கு எட்டாத மேட்டு நிலத்தில் கிடைத்தால், ஒரு காலத்தில் அங்கே அலை வந்து போயிற்று என்று சொல்லலாம். கடல் மட்டம் எப்போது ஏறிற்று, எப்போது இறங்கிற்று என்று கணக்கிடுவோருக்கு இது பெரிய சாட்சி. ஆனால் அடையாளம் பிழையானால் சாட்சியும் பொய்ச்சாட்சி ஆகிவிடும்.

இதற்கு நம் சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. குழம்புக்கு வாங்கும் பெரிய சேற்று நண்டை விஞ்ஞானிகள் நெடுங்காலம் சில்லா செரேட்டா என்ற ஒரே பெயரால் குறித்து வந்தார்கள். கீனன், டேவி, மான் என்ற மூவர் 1998இல் அதனை மறு ஆய்வு செய்து, இந்த ஒரு பெயருக்குள் நான்கு இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்று காட்டினர். உடலின் அளவுகளோடு மரபணுச் சோதனையும் செய்து கண்ட முடிவு இது. அந்நான்கில் ஒன்றின் பெயர் சில்லா டிராங்கிபாரிக்கா. நம் தரங்கம்பாடியை ஐரோப்பியர் டிராங்கிபார் என்று அழைத்ததால் வந்த பெயர். 1798இல் பப்ரீசியஸ் என்ற அறிஞர் இட்டது. இருநூறு ஆண்டுகள் கழித்து அப்பெயருக்கு மீண்டும் உயிர் வந்தது.

இந்த நான்கும் ஒரே மாதிரி நீரை விரும்புவன அல்ல. ஒன்று கடல்நீரின் முழு உப்பும் உள்ள இடத்தை நாடும். மற்றவை ஆற்று நீர் கலந்த கழிகளில் மிகுதி. கல்லுக்கோ மரபணுச் சோதனை செய்ய வழியில்லை. நல்ல வேளையாக இரண்டு கண்களுக்கும் இடையே நெற்றியில் உள்ள பற்களின் உயரமும், கொடுக்கின் மணிக்கட்டுப் பகுதியில் வெளிப்புறம் உள்ள முட்களும் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. இவை கல்லிலும் எஞ்சக்கூடிய அடையாளங்கள். ஆகையால் 1998க்கு முன் 'சில்லா செரேட்டா' என்று சீட்டு எழுதி அருங்காட்சியகப் பெட்டிகளில் அடைத்து வைத்த கல் நண்டுகளை மீண்டும் வெளியே எடுத்து, நெற்றியைத் துடைத்து, பற்களையும் முட்களையும் புதிதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நெற்றியும் மணிக்கட்டும் உடைந்துபோன கற்களுக்கு 'சில்லா' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.