தொட்டியிற் பவளம் வளர்த்தல்

பவளம் என்றவுடன் நம்முள் பலருக்கு மோதிரத்திலும் மாலையிலும் பதிக்கப்பெறும் செம்மணியே நினைவுக்கு வரும். நவமணிகளுள் ஒன்றாக அதனை எண்ணிய நம் முன்னோர், பவளக்கொடி என்றும் வழங்கினர். உண்மையில் பவளம் விலங்கினத்தைச் சேர்ந்த ஓர் உயிர். அவ்வுயிரைப் புதிதாக அமைத்த உவர்நீர்த் தொட்டி ஒன்றில் நலமுடன் வாழச் செய்வது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

முதற்கண் பவளத்தின் இயல்பை அறிந்துகொள்வோம். கடலடியில் பாறைகளை ஆக்கும் கல்பவளத்தின் ஒரு கிளையைக் கூர்ந்து நோக்கினால், அதன் மேற்பரப்பில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நெருங்கி அமர்ந்திருத்தலைக் காணலாம். இவற்றைப் பாலிப்புகள் என்பர். ஒவ்வொன்றும் மெல்லிய பை போன்றது. மேலே ஒரு வாய், அதனைச் சுற்றி உணர்கொம்புகள், கீழே அவ்வுயிர் தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்பு இருக்கை. இவ்வுயிரின் உடலினுள்ளே ஒற்றைச் செல்லால் ஆகிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியின் துணையால் சர்க்கரையை ஆக்கி, அதிற் பெரும்பகுதியைத் தமக்கு இடம் தந்த பவளத்திற்கு அளிக்கின்றன. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒன்றிரண்டு பாகை மிகுந்து, அந்நிலை சில வாரங்கள் நீடித்தால் இந்த உறவு முறிந்துவிடும். பாசிகள் நீங்கிய பவளத்தில் வெண்ணிறச் சுண்ணாம்பு வெளியே தோன்றும். இதனையே வெளிறல் நோய் என்கிறோம். வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. ஆயினும் பாசிகள் விரைவில் மீளாவிடின் பட்டினியால் மடியும்.

இத்தகைய நுண்ணிய உயிரை மனிதன் தொட்டியில் வளர்க்கக் கற்றது அண்மைக் காலத்திலேயாகும். 1956 ஆம் ஆண்டில் பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவின் நூமியா நகரில் ரெனே கத்தாலா என்னும் பிரெஞ்சு அறிஞர் ஒரு நீர்வாழ் உயிர்க் காட்சியகத்தைத் தொடங்கினார். கடல்நீர் இடைவிடாது தொட்டிகளுக்குட் பாய்ந்து வெளியேறியமையால், அங்கே பவளங்கள் உயிருடன் வாழ்ந்தன. கடலே அங்கு வேலைக்காரனாக இருந்தது. கடலை இவ்வாறு பாய்ச்ச இயலாதவன் என் செய்வது? 1961 இல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் தம் முறையை வெளியிட்டார். பவளத் திட்டிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகளை, அவற்றின்மேல் வாழும் உயிர்களுடனேயே தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழ்களால் மட்டும் நீரை அசையச் செய்தார். தொட்டி நலமாக இருந்தது. அப்பாறைகளில் வாழ்ந்த கண்காணா உயிர்களே அவ்வெற்றிக்குப் பெருங்காரணம்.

அவ்வுயிர்களின் தொழிலை விளங்கிக்கொண்டால் நம் பொருளிற் பாதி விளங்கிவிடும். தொட்டியில் உள்ள உயிர்களின் கழிவும், எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியா ஆகின்றன. இது கொடிய நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றும். வேறொரு வகையினர் அதனை நைட்ரேட்டாக மாற்றுவர். நைட்ரேட்டு சிறு அளவில் இருந்தால் தீங்கு செய்யாது. புதிய தொட்டியில் இவ்விரு வகையினரும் போதிய அளவில் இல்லை. அவர்கள் பெருகி நிலைபெறப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் சிறிதளவு அம்மோனியா கிடைக்கச் செய்து அவர்களை வளர்க்க வேண்டும். நாள்தோறும் நீரைச் சோதித்து, புதிதாகச் சேரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் விரைவில் மறைந்து நைட்ரேட்டு மட்டுமே எஞ்சுவதைக் கண்ட பின்னரே பவளத்தை உள்ளே விடலாம்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். முதல் நாளே நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். அத்தெளிவை நலமென்று கருதி விலையுயர்ந்த பவளத்தை இட்டுவிடுவர். பள்ளிக்குக் கட்டடம் எழும்பி, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. ஆசிரியர் ஒருவரும் வரவில்லை. அன்றே பிள்ளைகளைச் சேர்த்தால் அப்பள்ளி எவ்வாறு நடக்கும்? புதிய தொட்டியும் அவ்வாறே.

அடுத்து நீரைப் பற்றிக் கூறுவோம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி நாம் உணவில் இடும் உப்பே எனினும், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியனவும் கலந்துள்ளன. ஆகவே சமையலுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. இதற்கெனவே செய்யப்பெற்ற உப்புக் கலவை வேண்டும். குழாய்நீரில் குளோரினும், சில இடங்களில் செம்பும் கலந்திருக்கும். செம்பு சிறிதளவேனும் பவளத்திற்குக் கேடு. ஆதலின் உப்புநீக்கித் தூய்மை செய்த நீரிலேயே கலவையைக் கரைத்தல் நன்று.

மாணவர்கள் சிந்திக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. 100 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் நீர் ஆவியாகிவிட்டால், குறைந்த அளவை எந்த நீரால் நிரப்ப வேண்டும்? உப்புநீரால் என்று விடை கூறுவோர் பலர். ஆவியாகிச் சென்றது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. ஆகையால் நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். மாறாக உப்புநீரை வார்த்துக்கொண்டே வந்தால், சில வாரங்களில் நீர் கடலினும் மிகுந்த கரிப்பு எய்திவிடும்.

பவளம் தன் இருக்கையைக் கட்டும் பொருளையும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம் கால்சியமும், 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உள்ளன. பரந்த கடலில் இவை குறைவதில்லை. சிறு தொட்டியிலோ பவளம் வளர வளர, கால்சியமும் நீரின் காரத்தன்மையும் குறைந்துகொண்டே போகும். அவற்றை அளந்து, குறைந்ததைச் சிறிது சிறிதாக ஈடுசெய்ய வேண்டும். ஒரே வேளையில் மிகுதியாக இட்டால், அவை வெண்பொடியாகப் படிந்து வீணாகும்.

வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியசுக்குள் நிலையாக இருத்தல் வேண்டும். ஒளி வலிதாயிருத்தல் தேவை; நீலநிறக் கதிர்கள் நீரில் ஆழமாகச் செல்வன ஆதலின், பவளத்தின் பாசிகள் அவற்றை நன்கு பயன்படுத்தும். ஆயினும் புதிதாக வந்த பவளத்தை முதல் நாளே முழு ஒளியில் வைத்தல் கூடாது. குறைந்த ஒளியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும். நீரோட்டம் ஒரே திசையிற் பீறிட்டு அடிக்காமல், கடலலைபோல் மாறி மாறி அசைதல் நலம்.

முதற் சில மாதங்களில் மணலிலும் பாறையிலும் பழுப்பு நிறப் படலமும், பின்னர்ப் பச்சைப் பாசியும் தோன்றுவது இயல்பு. இதனைக் கண்டு அஞ்சி நீரிலுள்ள சத்துகளை முற்றும் நீக்கிவிட முனைவோரும் உளர். அதுவும் பிழையே. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத நீரில் பவளம் மெலியும். தீய பாசிகள் சில அந்நிலையிலேயே தழைக்கும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றி வருதல் போதும். முதலில் காளான் பவளம் முதலிய வன்மையுடைய மென்பவளங்களை வைத்து, தொட்டி பல மாதங்கள் நிலைபெற்ற பிறகே கிளைவிடும் கல்பவளங்களை வைத்தல் முறை.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். சோவாந்திடு என்னும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு. அவற்றைக் கையுறையின்றித் தொடுதலும், அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் இடுதலும் உயிருக்கே ஊறு விளைக்கும்.

இவற்றைக் கேட்டு, மன்னார் வளைகுடாவிற் சென்று ஒரு கிளையை ஒடித்து வரலாம் என்று யாரும் எண்ணற்க. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பெற்றன. அவற்றை நம் கடலினின்று எடுத்தலும் விற்றலும் குற்றமாகும். உருண்டைப் பவளம் ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஒரு நொடியில் உடைத்ததைக் கடல் மீண்டும் ஆக்கப் பல தலைமுறைகள் ஆகலாம். வெளிநாடுகளில் பவளம் வளர்ப்போர் பலர், தொட்டியில் வளர்ந்த பவளத்தின் துண்டுகளையே தம்முள் பரிமாறிக்கொள்கின்றனர்.

தொட்டி வளர்ப்பு வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் புளோரிடாக் கடல் மிகக் கொதிப்படைந்தது. அங்கே கடலடி நாற்றங்கால்களில் வளர்ந்து வந்த பவளங்களை ஆராய்ச்சியாளர்கள் விரைந்து எடுத்து, கரையிலுள்ள தொட்டிகளில் வைத்துக் காத்தனர். வாழ்விடமாகிய கடலே பகையானபோது, பவளத்திற்குத் தொட்டி புகலிடமாயிற்று. நீரை அளத்தல், வெப்பத்தை நிலைநிறுத்தல், காலம் வரும்வரை காத்திருத்தல் என்று வீட்டுத் தொட்டிக்கு நாம் கூறிய அதே ஒழுங்குகளே அங்கும் அவ்வுயிர்களைக் காத்தன. ஆயினும் எத்தனை தொட்டிகள் அமைத்தாலும் ஒரு பவளத்திட்டு முழுவதையும் அவற்றுள் அடக்க இயலாது. கடலைக் குளிர்ச்சியாகவும் தூய்மையாகவும் வைத்திருப்பதே பவளத்திற்கு நாம் செய்யத்தக்க முதற் கடமை.