வால்வு தாமதமாக மூடினால் யாருக்கு லாபம்?

2027 ஏப்ரல் 1 நெருங்க நெருங்க, கார் வாங்க நினைக்கும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. அன்று முதல் நடைமுறைக்கு வருவதாகச் சொல்லப்படும் மூன்றாம் கட்ட ‘காஃபே’ விதிகளால், நல்ல பிக்கப் உள்ள பெட்ரோல் செடான்கள் நின்றுபோகுமா? ஹோண்டாவின் ஐ-விடெக் இன்ஜின் வண்டி வேண்டுமென்றால் இப்போதே புக் செய்துவிட வேண்டுமா?

அவசரம் வேண்டாம். காஃபே விதி எந்தத் தனிக் காரையும் தடை செய்வதில்லை. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் கார்கள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் கரியமில வாயுவுக்குச் சராசரி எடுத்து, அதற்கு உச்சவரம்பு வைக்கிறது. இரண்டாம் கட்டத்தில் அது கிலோமீட்டருக்குச் சுமார் 113 கிராம். ஆனால் அந்தச் சராசரிக்குள் சலுகைகள் புகுந்திருக்கின்றன. மின்சார கார் ஒன்று விற்றால் மூன்று விற்றதாகவும், ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஒன்று விற்றால் இரண்டு விற்றதாகவும் கணக்கு. வாயுவை அளப்பதும் சாலையில் அல்ல. ஆய்வுக்கூட உருளைகளின் மேல், மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஓர் ஓட்டத்தில் அளக்கிறார்கள். வாயு குறைந்தது என்று அரசும் நிறுவனங்களும் சொல்லும்போது, அந்த ஓட்டத்தில் குறைந்தது என்றே படிக்க வேண்டும்.

அந்த ஓட்டத்தில் சிக்கனம், தேவைப்படும்போது பிக்கப் என இரண்டையும் ஒரே இன்ஜினுக்குத் தர உதவும் வால்வு டைமிங்கின் கதை இங்கேதான் சேர்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்கிறது. அடியைத் தொட்டதும் இன்டேக் வால்வு மூடிவிட வேண்டும் என்றுதான் தோன்றும். பொதுவாக அப்படி மூடுவதில்லை. இன்ஜின் நிமிடத்துக்கு 6,600 முறை சுற்றும்போது பிஸ்டன் மேலிருந்து கீழே வர எடுத்துக்கொள்வது ஒரு வினாடியில் 220-ல் ஒரு பங்கு. அந்த நேரத்தில் உள்ளே பாயும் காற்று, பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் தன் வேகத்திலேயே நுழைந்துகொண்டிருக்கும். ஆகவே வால்வைச் சற்றுத் தாமதமாக மூடினால் கூடுதல் காற்று கிடைக்கும். நெரிசல் நேரத்து டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசிலை ஒரு நொடி தாமதித்தால், பின்னாலிருப்பவர்களின் தள்ளுதலிலேயே இன்னும் நாலு பேர் ஏறிவிடுவார்கள்.

1,000 சுற்றில் அதே தாமதம் எதிராக வேலை செய்யும். காற்றுக்கு வேகம் இல்லை. ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்ததையே திருப்பி வெளியே தள்ளும். வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்டின் மேடு ஒரே வடிவில் வார்க்கப்பட்டதாக இருந்தால், வேகத்துக்கு ஏற்றதா டிராஃபிக்குக்கு ஏற்றதா என்று தொழிற்சாலையிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

இந்தக் கட்டாயத்தை 1980-ல் ஆல்ஃபா ரோமியோ தன் ஸ்பைடரில் கொஞ்சம் தளர்த்தியது. 1989-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா இன்டெக்ரா உடைத்தே விட்டது. இகுவோ கஜிதானியின் தலைமையில் உருவான விடெக் அமைப்பில், ஒரு ஜோடி வால்வுகளுக்கு மூன்று கேம் மேடுகள், மூன்று ராக்கர்கள். சாதாரண ஓட்டத்தில் ஓரத்து இரண்டு ராக்கர்கள் வால்வுகளை அளவாகத் திறக்கும்; நடு ராக்கர் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். சுற்று 5,000-ஐத் தாண்டிய பிறகு ஆயில் அழுத்தம் ஒரு சிறிய பின்னைத் தள்ளி மூன்றையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதுமுதல் நடுவில் இருக்கும் உயரமான மேடுதான் ஆட்சி செய்யும்: வால்வு ஆழமாகத் திறந்து, நெடுநேரம் திறந்தே இருக்கும். டர்போ இல்லாத 1.6 லிட்டர் இன்ஜின் 160 குதிரைத்திறன் தந்தது இப்படித்தான். ஒரு விரல் அளவுகூட இல்லாத பின், ஓர் இன்ஜினுக்குள் இரண்டு இன்ஜின்களை வைத்துவிட்டது. இயந்திரவியலில் இதைவிட அழகான தீர்வு எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

உறுத்தலும் அதே இடத்தில்தான். 2020-ல் இந்தியாவுக்கு வந்த ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டியை எடுத்துக்கொள்வோம். 121 குதிரைத்திறன், லிட்டருக்கு 17.8 கிலோமீட்டர், மேனுவலில். இரண்டும் அதிகாரபூர்வமானவை, இரண்டிலும் பொய் இல்லை. ஆனால் 121 என்பது 6,600 சுற்றில் கிடைப்பது. 17.8 என்பது அந்தச் சுற்றின் பக்கமே போகாத சோதனையில் கிடைத்தது. வால்வு டைமிங் தன்னை மாற்றிக்கொள்வதால்தான் இந்த இரு எண்களும் ஒரே காருக்குச் சொந்தமாகின்றன. ஒரே நிமிடத்தில் இரண்டும் கைக்கு வராது. நாம் தினமும் ஓட்டுவது 1,500-க்கும் 3,000-க்கும் நடுவில். அங்கே இன்ஜின் எப்படி இழுக்கும் என்பதைச் சொல்லும் டார்க் வரைபடம் விற்பனைக் கையேட்டில் இருப்பதில்லை. அதை அச்சிடக் கட்டாயப்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது ஹைப்ரிட். 2022-ல் வந்த சிட்டி ஹைப்ரிடில் அதே தாமத மூடலை நேரெதிர் நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். காற்று வேண்டுமென்றே வெளியே தள்ளப்படுகிறது. உள்ளே மிஞ்சும் கலவை குறைவு, ஆனால் எரிந்தபின் விரிவதற்குப் பிஸ்டன் இறங்கும் முழுத் தொலைவும் கிடைக்கிறது. எரிபொருளின் சக்தி புகையோடு வீணாவது குறைகிறது. அட்கின்சன் சுழற்சி என்பது இதைத்தான். விலையும் உண்டு: அதே 1.5 லிட்டர் கொள்ளளவில் குதிரைத்திறன் 121-லிருந்து 98 ஆக இறங்கிவிடுகிறது. அந்த இழப்பை 253 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள மோட்டார் ஈடுகட்டுகிறது. அறிமுகத்தில் அறிவித்த 26.5 கிலோமீட்டர் மைலேஜில் வால்வின் பங்கு உண்டு, ஆனால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் உரியதை வால்வின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. காஃபே கணக்கில் இந்தக் கார் இரண்டாக எண்ணப்படும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஷோரூம் எதை முன்னால் நிறுத்தும் என்று ஊகிப்பது கடினமல்ல.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

விவிடி (மாறும் வால்வு டைமிங்) என்று பேட்ஜ் இருந்தால் விடெக் மாதிரியா? இல்லை, பெரும்பாலானவை கேம்ஷாஃப்டைச் சற்று முன்பின் திருப்புபவை மட்டுமே, வால்வு திறக்கும் ஆழத்தை மாற்றுவதில்லை.

டர்போ வந்தபின் இது தேவையா? தேவை, இன்றைய டர்போ இன்ஜின்களிலும் கேம் டைமிங் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

ஈ-20 பெட்ரோலால் வால்வு டைமிங் கெடுமா? கெடாது, மைலேஜ் குறைவது எத்தனாலின் குறைந்த எரிசக்தியால்.

பராமரிப்பு? ஆயில் அழுத்தத்தில் இயங்கும் அமைப்பு இது, ஆகவே கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலைச் சொன்ன தவணையில் மாற்றுங்கள்.

டெஸ்ட் டிரைவில் எதைப் பார்ப்பது? நான்கு பேரை ஏற்றி, ஏசி போட்டு, மூன்றாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள்.