குட்டைப் பசுவும் சீமைக் காளையும்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் பூசை போட்டு வெளியாகும். புரட்டிப் பார்த்தால், குழலூதும் கண்ணனுக்குப் பின்னால் ஒரு பசு நிற்கும். பால்வெள்ளை நிறம், கோபுரம் மாதிரித் திமில், கழுத்துக்குக் கீழே மடிமடியாகத் தொங்கும் அலைதாடி. அச்சகத்தை விட்டு இறங்கித் திருத்தங்கல் பக்கம் நடந்தால் வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கும் மாடு வேறு மாதிரி. செவலை நிறம், பலகை போட்டது போல நேரான முதுகு, திமில் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மேடு. இந்த மாட்டை எந்தக் காலண்டரிலும் போடுவதில்லை. ஆனால் ஊருக்குக் காலைக் காப்பி இதன் மடியிலிருந்துதான் வருகிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பசும்பாலில் கிண்டுவதுதான்.

இந்தச் செவலையின் பாட்டிக்குப் பாட்டி இதே கரிசல் காட்டில் மேய்ந்த நாட்டுப் பசு. தகப்பன் வழியோ இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் கிடக்கும் ஜெர்சி என்ற குட்டித் தீவு. சிறிய மாட்டைப் பெரிய இனத்தோடு கலப்பது வெளிநாடுகளில் ஒரு பொழுதுபோக்காகவும் வியாபாரமாகவும் வளர்ந்திருக்கிறது. நம் ஊரில் அரை நூற்றாண்டாக, யாரும் அதற்கு ஒரு பெயர் வைக்காமலே, அதுதான் நடந்து வருகிறது.

நாட்டு மாடு சிறுத்துப் போனதற்குக் காரணம் உண்டு. மானாவாரிக் காட்டில் பசும்புல் மழைக்காலத்தோடு சரி. மற்ற மாதங்களில் சோளத்தட்டைதான். வயிறு பெரிதாக இருந்தால் அங்கே பிழைக்க முடியாது. சின்ன உடம்பு வெக்கையையும் சுலபமாக வெளியேற்றும். மலையடிவாரத்தில் மேயும் மலை மாடு, விருதுநகர், மதுரை, சிவகங்கைப் பக்கம் கிடை போடும் புலிக்குளம் மாடு எல்லாம் அப்படி வாட்டசாட்டம் இல்லாமல் வளர்ந்தவை. அவற்றைப் பாலுக்காக யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கன்று குடித்தது போக ஒரு லிட்டர் மிஞ்சினால் பெரிது. உழவு, வண்டி, எரு இந்த மூன்றுக்குத்தான் மாடு. டிராக்டர் வந்து இரண்டைப் பறித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பால் கறக்காத மாட்டுக்குத் தீவனம் போட யாருக்கும் மனம் வரவில்லை.

அப்படித்தான் சினை ஊசி உள்ளே வந்தது. பைக்கின் பின்னால் கட்டிய கேனைத் திறந்தால் வெள்ளையாகப் புகை எழும்பும். உள்ளே இருப்பது மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜன். அதிலிருந்து ஊசி போடுபவர் எடுக்கும் குச்சி, குளிர்பானம் உறிஞ்சும் குழாயைவிட மெல்லியது. கால் மில்லி விந்து கொண்டது. 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டு எடுத்துத் துடைத்துவிட்டுப் போடுவார். காளையைத் தேடி ஊர் ஊராக அலைந்த காலம் இப்படி முடிந்தது.

ஆனால் மாடு பருவத்துக்கு வந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமே. காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்பது கணக்கு. சிவகாசிப் பக்கத்து வீடுகளில் விடிந்ததும் பட்டாசு ஆலை வேன் வந்து நின்றுவிடும். வீட்டுக்காரம்மா அதில் ஏறிப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவார். நடுப்பகலில் மாடு கத்தியதும், கண்ணாடி மாதிரிக் கோழை வடிந்ததும் பார்க்க ஆள் இல்லை. தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். கலப்பினம் சினை பிடிக்கவில்லை என்று சொல்லப்படும் பல இடங்களில் குறை மாட்டிடம் இருக்காது. கவனிக்க ஆள் இல்லாததுதான் குறை.

சரி, சின்னத் தாய், பெரிய தகப்பன் என்றால் கன்று வெளியே வருமா? மாடு வளர்ப்பவர் எவருக்கும் முதலில் எழும் கேள்வி இது.

1938இல் கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹாமண்ட் என்ற இருவர் இதைக் குதிரையில் சோதித்தார்கள். வண்டி இழுக்கும் ராட்சச ஷயர் குதிரையையும் இடுப்பளவே உள்ள ஷெட்லாந்து மட்டக் குதிரையையும் இரண்டு விதமாகவும் கலந்தார்கள். நேரடியாகச் சேர்க்க வழியில்லை, ஊசிதான். ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி பெரிதாக இருந்தது. மட்டக் குதிரைத் தாய்க்குப் பிறந்ததோ, அவளுக்குச் சொந்த இனத்திலேயே பிறக்கும் குட்டி அளவுக்கே சிறிதாக இருந்தது. இரண்டுக்கும் மரபு ஒன்றுதான், கருப்பைதான் வேறு. தாயின் உடம்பு கொடுக்கும் இடத்துக்கு மேல் கரு வளரவில்லை. அதே ஹாமண்ட் 1958இல், ஜூபர்ட் என்பவரோடு சேர்ந்து, டெக்ஸ்டர் என்ற குட்டை மாட்டையும் சவுத் டெவன் என்ற பெரிய மாட்டையும் கலந்து பார்த்த முடிவை வெளியிட்டார். அங்கேயும் தாய்க்குப் பங்கு இருந்தது. ஆனால் குதிரையில் தெரிந்த அளவுக்கு இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. பசு கொஞ்சம்தான் கட்டுப்படுத்தும். மீதியைக் காளையைத் தேர்ந்தெடுத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். தூய ஜெர்சிக் கன்று பிறக்கும்போது ஏறத்தாழ 25 கிலோ. கறுப்பு வெள்ளைத் திட்டு போட்ட ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் கன்று 40 கிலோ. தமிழ்நாட்டு அரசு சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளுக்கு ஃபிரீசியன் என்று பிரித்து வைத்ததற்கு வெயில் ஒரு காரணம். நம் பசுக்களின் இடுப்பெலும்பு இன்னொன்று. அதிகப் பால் ஆசையில், தலைஈத்துக் கிடேரிக்கு ஃபிரீசியன் ஊசி போடச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கன்றின் முன்னங்கால் மட்டும் வெளியே தெரிய, கயிறு கட்டி நான்கு பேர் இழுக்கும் ராத்திரியை ஒருமுறை பார்த்தால் அந்த ஆசை அடங்கிவிடும்.

தாய் பிழைத்தாலும் தாயின் இனம் பிழைக்குமா என்பது வேறு கதை. கேரளத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் சொன்னது. 1963இல் சுவிட்சர்லாந்து உதவியோடு மூணாறை அடுத்த மாட்டுப்பெட்டியில் ஒரு திட்டம் தொடங்கியது. உள்ளூர்ச் சிறு பசுக்களை பிரவுன் சுவிஸ் காளைகளோடு கலந்து, பிற்பாடு ஜெர்சியும் ஃபிரீசியனும் சேர்த்து, ‘சுநந்தினி’ என்ற புது இனத்தையே உருவாக்கினார்கள். பால் பெருகியது, சந்தேகமில்லை. வைக்கம் பக்கத்து வெச்சூர் மாடு, அதாவது 90 சென்டிமீட்டர் உயரத்துக்குள் அடங்கும் அந்தக் குட்டைப் பசு, தேடினாலும் கிடைக்காமல் போனது. மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் 1989இல் தேடித் திரட்டிய சொற்ப மாடுகளிலிருந்துதான் அந்த இனம் மீண்டது. அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

குட்டை என்பதிலும் இரண்டு வகை உண்டு. வெச்சூர் போல உடம்பு முழுக்க ஒரே அளவில் சிறுத்தது ஒன்று. அயர்லாந்தின் டெக்ஸ்டரில் பலவற்றுக்குக் கால் மட்டும் குட்டை. அது ஒரே ஒரு மரபணுக் கோளாறின் வேலை. அந்த மரபணு தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்துவிட்டால் கன்று முகம் நசுங்கி, உயிரில்லாமல் விழும். குட்டைக் கால் டெக்ஸ்டர் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு கன்றுக்கு இந்த ஆபத்து. பெரிய இனத்தோடு கலந்தால் இது நேராது. டெக்ஸ்டர்காரர்கள் கலப்பை நாடுவதற்கு இதுவும் ஒரு வசதி.

ஆஸ்திரேலியாவில் நடந்தது தலைகீழ். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து டிராங்கி ஆராய்ச்சிப் பண்ணையில் 1974இல் ஆங்கஸ் மாடுகளை வேகமாக வளர்பவை, மெதுவாக வளர்பவை என்று பிரித்துத் தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்தார்கள். தீவனத்தை எது சிக்கனமாக இறைச்சியாக்குகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். மெதுவாக வளர்ந்த கூட்டம் குட்டையாகிக்கொண்டே வந்து ‘லோலைன்’ என்ற பெயரில் தனி இனமாகவே ஆகிவிட்டது. இப்போது அந்தக் குட்டைக் காளையைப் பெரிய இனத்துத் தலைஈத்துக் கிடேரிகளுக்குச் சேர்க்கிறார்கள். கன்று சின்னது, பிரசவம் சுகம்.

நம்மிடமும் காற்று இப்போது அந்தத் திசையில்தான் திரும்பியிருக்கிறது. ஆந்திரத்துச் சித்தூர்ப் பக்கத்துப் புங்கனூர் மாடு எழுபதிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம். 2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் தன் வீட்டில் அவற்றுக்குத் தீவனம் ஊட்டிய படம் வெளிவந்ததும் விலை லட்சங்களுக்கு ஏறியது. மூன்று சென்ட் மனையில் வீடு கட்டியவர்களுக்கும் கொல்லையில் ஒரு பசு நிற்க வேண்டும் என்ற ஆசை இருக்கத்தானே செய்யும்! தேவை கூடினால் கலப்பும் கூடும். புங்கனூர்க் காளையை வேறு நாட்டுப் பசுவோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் கன்றுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில், இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பார்க்க லட்சணமாகவே இருக்கும். சிக்கல் அடுத்த தலைமுறையில். அந்தக் கலப்புகளைத் தங்களுக்குள்ளேயே சேர்த்தால் ஒன்று தொடை உயரம், இன்னொன்று மார்பு உயரம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். லட்சம் கொடுத்து வாங்கியது ‘இனம்’ இல்லை என்று அப்போதுதான் தெரியவரும்.

இன்னொரு ஏமாற்றம் இதைவிட எளியது. எந்த இனத்திலும் ஒரு வயதுக் கிடேரி குட்டையாகத்தான் இருக்கும். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. பணம் கொடுத்து வாங்கும் மாட்டைத் தாராளமாகப் பார்க்கலாம். கீழ்த்தாடையில் எட்டும் பால்பல்லாக இருந்தால் அது வளர வேண்டிய கன்று. இரண்டு வயதை ஒட்டி நடு இரண்டும் விழுந்து பெரிய பல் முளைக்கும். பிறகு நாலு பல், ஆறு பல். நாலைந்து வயதில் எட்டுப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்த பிறகும் முதுகு இடுப்புக்கு மேல் வரவில்லை என்றால், அது குட்டை மாடுதான்.