'ஷாக்கு' மாற்றப் போறீங்களா? உஷார்! பழைய புல்லட்காரர்களைக் கவிழ்க்கும் பளபளப்பு

புதுப்பேட்டை. கடை வாசல்களில் ஷாக் அப்சர்பர்கள் வாழைத்தார் மாதிரி தொங்குகின்றன. சிவப்பு ஸ்பிரிங், மஞ்சள் ஸ்பிரிங், பக்கத்தில் குட்டி டப்பா ஒட்டியது என்று விதவிதம்.

வருகிறவர்களில் பழைய இரும்பு எஞ்சின் புல்லட்காரர்களும் உண்டு. புகார் ஒன்றுதான்.

"அண்ணே, பின்னாடி டங்கு டங்குன்னு அடிக்குது. வீட்ல ஏற மாட்டேங்கிறாங்க!"

"இதைப் போடு தம்பி. பஞ்சு மெத்தை மாதிரி போகும்!"

பணம் கைமாறுகிறது. மெத்தையா, முள்ளா என்பது அடுத்த பள்ளத்தில் தெரியும்!

புல்லட் நம்மூர் வண்டி. 1956-ல் திருவொற்றியூரில் தயாரிப்பு தொடங்கியது. அதற்கு முன்பே, 1949-ல், இங்கிலாந்தில் இந்த வண்டிக்கு 'ஸ்விங் ஆர்ம்' வந்துவிட்டது. பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் அசையும் கை அது. அந்தக் காலத்துப் பல வண்டிகளில் பின் சக்கரம் நேராக ஃபிரேமிலேயே இருக்கும். சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்தான் முதுகைக் காப்பாற்றியது.

ஐப்பசி மழை முடிந்தால் சென்னை ரோட்டில் மூன்றடிக்கு ஒரு பள்ளம். பாவம், ஷாக்குதான் என்ன செய்யும்?

ஆயில் போச்சா?

ஷாக்குக்குள் இரண்டு வேலை நடக்கிறது. அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கிய ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவது உள்ளே இருக்கும் ஆயில். சீல் கிழிந்து ஆயில் போய்விட்டால் வண்டி குதிரை மாதிரி துள்ளும்.

சோதிக்கக் காசு வேண்டாம். சீட்டை நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரே மூச்சில் எழுந்து நின்றால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஆள் அவுட்! ராடில் ஆயில் கசிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. பலர் இதைச் செய்வதே இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். லொட லொட என்றால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ, வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு எவ்வளவு விலையில் ஷாக்கு மாட்டினாலும், வளைவில் வண்டியின் பின்பக்கம் நெளியும். டயரில் காற்று அதிகமானாலும் முதுகில் அடிக்கும். அதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

'கேஸ்' டப்பா

'கேஸ் ஷாக்கு' என்றால் சமையல் கேஸ் அல்ல, நைட்ரஜன். தொடர்ந்து குதிக்கும்போது ஆயில் சூடாகி, காற்றோடு கலந்து நுரைக்கும். நுரைத்த ஆயில் ஸ்பிரிங்கை அடக்காது. நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது. நல்ல சரக்கென்றால் வித்தியாசம் நிச்சயம் தெரியும்.

ஆனால் மலிவுச் சரக்கில் சில பேர்வழிகள் வெறும் டப்பாவை ஒட்டி, மேலே ஸ்டிக்கரும் ஒட்டி நைசாகத் தலையில் கட்டிவிடுகிறார்கள். உள்ளே வாயுவும் இல்லை, வழியும் இல்லை! பழைய ஷாக்குக்குப் பெயிண்ட் அடித்துப் புதுசு என்று விற்கும் கதையும் உண்டு. நிஜமான கேஸ் ஷாக்கை வீட்டில் வைத்து அறுத்துப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் இருப்பது முகத்தில் பாயும்.

அரை அங்குல ஆபத்து

பெரிய வம்பு நீளத்தில்தான். மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடுவரை அளந்து, பழசும் புதுசும் ஒன்றா என்று பாருங்கள்.

"கெத்தா தூக்கி நிக்கும்" என்று நீளமான ஷாக்கை மாட்டுகிறார்கள் வாலிபர்கள். பின்பக்கம் உயர்ந்தால் ஹேண்டில் படபடவென்று திரும்பும். செயின் ஸ்விங் ஆர்மில் உரசும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் சக்கரம் தரையைத் தொடும். குட்டையாகப் போட்டால் வேறு தொல்லை. மனைவியும் பிள்ளையும் ஏறி ஒரு வேகத்தடையைத் தாண்டும்போது டயர் போய் மட்கார்டில் இடிக்கும். அந்த நேரத்தில் பிடிமானம் போனால் விழுவது மூன்று பேர்!

ஸ்பிரிங் ரொம்ப முரடாக இருந்தாலும் கெடுதல்தான். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சமாவது அமுங்க வேண்டும். அப்போதுதான் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கி ரோட்டைப் பிடிக்கும். கல்லாக நின்றால் சக்கரம் அந்தரத்தில் தாவும். தாவுகிற சக்கரத்துக்கு பிரேக் பிடித்து என்ன பிரயோஜனம்?

ஸ்பிரிங் அடியில் படி படியாக வெட்டிய வளையம் இருக்கிறதே, அதைத் திருப்பினால் ஸ்பிரிங் முரடாகாது. வண்டி கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். பின்னால் ஆள் ஏறும் நாளில் ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஷாக்கையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும்.

போலீஸ் பிடிக்குமா?

அதே அளவில் மாற்றினால் அது ரிப்பேர். ஆனால் ஃபிரேமை வெட்டுவது, ஸ்விங் ஆர்மை நீட்டுவது எல்லாம் வம்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுப் புத்தக விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதைக் கறாராகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று வைத்தார்கள்.

மாட்டி முடித்ததும் முதலில் தனியாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மேல் நட்டு, கீழ் நட்டு இரண்டையும் மறுபடி ஒரு இறுக்கு. அதற்கப்புறம் வீட்டில் இருப்பவர்களை ஏற்றுங்கள்.