உருக மறுத்த இழை

கம்பளிபோல் மிருதுவாய், அதனினும் இலேசாய் இருக்கும் ஆடைகள் பல இன்று விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் ஆட்டு ரோமம் சிறிதும் இல்லாதிருக்கலாம். அவை அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் நெய்யப்பட்டவை.

அக்ரிலோநைட்ரைல் என்பது ஒரு திரவம். அதன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோத்துக்கொண்டால் வெண்ணிறப் பொடி உண்டாகிறது. நைலானை உருக்கி, நுண்துளைகளின் வழியே பிதுக்கி இழையாக்கலாம். இப்பொடியோ உருகுமுன்னரே சிதைந்துவிடும். சாதாரணத் திரவங்களில் கரைவதுமில்லை. கையில் இருந்தும் பயனற்ற பொருளாகவே அது கிடந்தது. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இதனைக் கரைக்கவல்ல டைமீதைல்பார்மமைடு என்னும் திரவத்தை அறிஞர் கண்டனர். கரைசலைப் பிதுக்கி, சூடான காற்றினால் திரவத்தை ஆவியாக்கியதும் இழை எஞ்சியது. 1950-இல் தென் கரோலினாவிலுள்ள காம்டன் நகரில் டூபாண்ட் நிறுவனத்தார் 'ஆர்லான்' என்னும் பெயரில் இதனைப் பெருமளவில் உற்பத்தி செய்யலாயினர்.

வெயில் இதனை எளிதில் நலிவிக்காது; பூச்சி அரிக்காது; பூஞ்சணம் பற்றாது. ஆதலால் திரைச்சீலைகளுக்கும் வெயில் மறைப்புகளுக்கும் ஏற்றது. கதகதப்புக்குக் காரணம் ஓர் அழகிய உபாயம். முன்னரே சுருங்கிய இழைகளையும் இன்னும் சுருங்காத இழைகளையும் சேர்த்து நூற்று, ஆவியில் காட்டுவர். சுருங்காதவை அப்போது சுருங்க, மற்றவை இடமின்றி வளைந்து சுருண்டு புடைக்கும். இடையில் சிறைப்பட்ட காற்றே குளிரைத் தடுக்கிறது.

குறைகளும் உண்டு. கம்பளியைப்போல் இது ஈரத்தை உறிஞ்சாது. வியர்க்கும் நாட்டில் உடலோடு ஒட்டி அணிதல் துன்பமே. வறண்ட காற்றில் உராய்ந்தால் மின்னேற்றம் பெற்றுத் தூசியை ஈர்க்கும். எல்லாவற்றினும் கொடிது நெருப்பு. பற்றினால் விரைந்து எரியும். உருகிய துளிகள் தோலில் ஒட்டிச் சுடும். புகையில் ஹைட்ரஜன் சயனைடு நஞ்சும் கலந்திருக்கும். அடுப்பங்கரையில் இவ்வாடை கூடவே கூடாது.

ஆயினும் அந்தப் பழைய பிடிவாதம் வேறிடத்தில் பயன்பட்டது. இவ்விழையை இழுத்துப் பிடித்தபடி, காற்றில் 200 முதல் 300 டிகிரி செல்ஷியஸ் வரை மெல்லச் சூடாக்கினால், உருகுவதற்கு மாறாக, சங்கிலியின் பக்கக் கிளைகள் ஒன்றோடொன்று பிணைந்து வளையங்களாகின்றன. இழை கறுக்கிறது. பின்பு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் வாட்ட, பெரும்பாலும் கார்பனே மிஞ்சுகிறது. 1960-களில் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் வளர்த்த இக்கலையால், கம்பளிச் சட்டைக்குப் பதிலாக வந்த அதே இழைவகை, எஃகினும் மிக இலேசான கார்பன் இழையாகி, இன்று ஆகாய விமானங்களின் இறக்கைகளிலும் இடம் பெற்றுள்ளது.